மடக்குச் சைக்கிளை எதுவரை மாற்றலாம்?
சொகுசு, வேகம், மடிப்பு: மூன்றையும் இணைக்க முயன்றவர்களின் வாதங்கள்

மடக்குச் சைக்கிள் பாதிப் பயணத்துக்காகப் பிறந்த வண்டி. மீதிப் பாதியை ரயிலோ பேருந்தோ காரோ ஏற்றுக்கொள்ளும் என்ற கணக்கில் அதன் சக்கரம் சுருக்கப்பட்டது, சட்டகம் நடுவில் வெட்டி மூட்டப்பட்டது, ஹேண்டில் நீண்ட தண்டின் மேல் ஏறியது. வாங்கியவர்களில் பலர் சில மாதங்களிலேயே இந்தக் கணக்கைத் தாண்டிப் போக விரும்புகிறார்கள். பள்ளம் மேட்டில் முதுகு நோகக் கூடாது. நேரான சாலை கிடைத்தால் வேகமாகவும் போக வேண்டும். டயர், சீட், கியர், ஹேண்டில் என்று ஒவ்வொன்றாக மாற்றினால் இந்த இரண்டும் கைகூடுமா? கைகூடும் என்றால், எந்த இடத்தில் அந்த வண்டி மடக்குச் சைக்கிளாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறது? இந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறியாளர்களும் மெக்கானிக்குகளும் பயணிகளும் விடை சொல்லி வருகிறார்கள். அவ்விடைகளைத் திருவள்ளூர் மாவட்டத்துச் சாலைகளை மனத்தில் கொண்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி இங்கே ஏன் எழுகிறது

திருவாலங்காடு ரயில் நிலையம் சென்னை–அரக்கோணம் பாதையில் உள்ளது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய தடம் இது. ஆனால் நிலையத்திலிருந்து ஊருக்கும், இரத்தின சபை எனப் போற்றப்படும் வடாரண்யேசுவரர் கோயிலுக்கும் இன்னும் சில கிலோமீட்டர் போக வேண்டும். மறுமுனையிலும் இதே நிலைதான். திருவள்ளூரில் இறங்குபவருக்குக் காக்களூர் தொழிற்பேட்டையும், வடக்குப் பாதையில் கும்மிடிப்பூண்டியில் இறங்குபவருக்குச் சிப்காட் வளாகமும் நிலையத்தின் வாசலிலேயே இருப்பதில்லை. ஷிப்டு நேரத்தில் ஷேர் ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ கிடைக்காவிட்டால் நடைதான். ஸ்டாண்டில் நிறுத்திய பைக் ஒரு முனைக்கு மட்டுமே உதவும். இரு முனைக்கும் கூடவே வரக்கூடியது மடக்குச் சைக்கிள்.

சாலையோ சிறு சக்கரத்துக்கு எளிதானதன்று. திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை திருவாலங்காட்டில் இருப்பதால், அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் ஊர்ச் சாலைகளில் ஓடுகின்றன. தார் பெயர்ந்த ஓரங்கள், அடுத்தடுத்து வேகத்தடைகள், ஓரத்தில் சீமைக் கருவேல முள், கோடையில் 40 டிகிரியைத் தொடும் வெயில். இந்தச் சூழலில் சொகுசு என்பது ஆடம்பரமாகாது. அது இல்லாவிட்டால் வண்டி வீட்டு மூலைக்குப் போய்விடும்.

பெரிய சக்கரமே சிறந்தது என்ற வாதம்

மிகப் பழைய நிலைப்பாடு இதுவே. இதன் வேர் சைக்கிளுக்கும் முந்தையது. வண்டிச் சக்கரங்களின் உருளும் தடை சக்கரத்தின் ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் கூலும் வழி வந்த கருத்து. 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் மோரின் அதை ஆதரித்தார். ஜூல் டியூப்யூயி 1837இல் அதை மறுத்து, தடை ஆரத்தின் வர்க்கமூலத்துக்குத்தான் எதிர்விகிதம் என்றார். வேறுபாடு சிறியதன்று. டயரோடு சேர்த்து ஏறத்தாழ 50 செ.மீ. விட்டமுள்ள 20 அங்குலச் சக்கரத்தை 69 செ.மீ. விட்டமுள்ள சாதாரணச் சக்கரத்தோடு ஒப்பிட்டால், முதல் விதிப்படி தடை சுமார் 38 சதவீதம் கூடும். இரண்டாம் விதிப்படி 18 சதவீதம்தான் கூடும்.

பள்ளத்தின் கணக்கும் பெரிய சக்கரத்தின் பக்கமே நிற்கிறது. 15 செ.மீ. அகலமுள்ள வெடிப்பைக் கடக்கும்போது பெரிய சக்கரம் சுமார் 8 மி.மீ. இறங்குகிறது, 20 அங்குலச் சக்கரம் 11.5 மி.மீ. இறங்குகிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் வரும் இந்த வேறுபாடுதான் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சேர்கிறது. 28 அங்குலச் சக்கரத்தோடு வந்த பழைய கறுப்புச் சைக்கிள் கிராமச் சாலைகளில் பல தலைமுறை நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இந்த வாதத்தின் பலவீனம், சக்கரத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்பது. பழைய விதிகள் இரும்புப் பட்டை போட்ட மரச் சக்கரத்தைப் பற்றியவை. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பிறகு, டயரின் ரப்பர், அகலம், காற்றழுத்தம் ஆகியவையும் தடையைத் தீர்மானிக்கின்றன. மோசமான டயர் போட்ட பெரிய சக்கரம், நல்ல டயர் போட்ட சிறு சக்கரத்திடம் தோற்கக்கூடும்.

மோல்டனின் மறுப்பு

சிறு சக்கரத்தின் சார்பில் முதலில் உரக்கப் பேசியவர் இங்கிலாந்துப் பொறியாளர் அலெக்ஸ் மோல்டன். மினி காரின் ரப்பர் சஸ்பென்ஷனை வடிவமைத்தவர் அவர். 1956 சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது அவர் கவனம் சைக்கிளின் பக்கம் திரும்பியது. 1962இல் வெளிவந்த மோல்டன் சைக்கிளின் கொள்கை எளிமையானது: சக்கரம் சிறியதானால் அதிர்வு கூடும், அந்த அதிர்வை சஸ்பென்ஷன் வாங்கிக்கொள்ளட்டும், தடை கூடும், அதை அழுத்தம் மிகுந்த டயர் ஈடுகட்டட்டும். சிறு சக்கரம் எடை குறைந்தது, விரைவாக வேகம் எடுப்பது, காற்றில் குறைவாக உரசுவது என்பவை அவர் கண்ட இலாபங்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜான் உட்பர்ன் என்ற பந்தய வீரர் மோல்டனில் கார்டிஃப்–லண்டன் சாலைச் சாதனையை முறியடித்தார். 1986இல் காற்றைக் கிழிக்கும் உறை பொருத்திய மோல்டனில் ஜிம் குளோவர் மணிக்கு 82 கி.மீ. வேகத்தைத் தாண்டினார். சிறு சக்கரம் வேகத்துக்குத் தடை என்ற கருத்து இத்துடன் வலுவிழந்தது. எனினும் இச்சாதனைகளில் வீரரின் உடல்திறனுக்கும் உறைக்கும் எவ்வளவு பங்கு, சக்கரத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். மோல்டன் மடங்குவதும் இல்லை; சில வகைகள் இரண்டாகக் கழலும், அவ்வளவே. ஆகவே அவர் நிறுவியது சிறு சக்கரத்தின் திறனைத்தான். மடக்கு மூட்டுக்கு அந்தச் சான்று தானாகப் பொருந்தாது.

பந்தய விதிகளும் இந்த விவாதத்தை முடக்கின. உலக சைக்கிள் சம்மேளனமான யூ.சி.ஐ. தன் சாலைப் பந்தயங்களில் டயரோடு சேர்த்து 55 செ.மீ.க்குக் குறைந்த சக்கரங்களை ஏற்பதில்லை. 20 அங்குல மடக்குச் சைக்கிள் அந்த எல்லைக்கு வெளியே நிற்பதால், பெரிய நிறுவனங்களின் பந்தய ஆராய்ச்சி அதன் பக்கம் அதிகம் வரவில்லை.

பிறகு வந்தவர்கள் மோல்டனின் பாடத்தை மடிப்போடு சேர்க்க முயன்றார்கள். ஆண்ட்ரூ ரிச்சியின் பிராம்ப்டன் 16 அங்குலச் சக்கரத்தோடு பின்பக்கம் ஒரு ரப்பர் கட்டையை வைத்தது. 1982இல் டேவிட் ஹான் தொடங்கிய டாஹோன் 20 அங்குலச் சக்கரத்தை உலகெங்கும் பரப்பியது. 1992இல் அமெரிக்காவின் யூஜீன் நகரில் பிறந்த பைக் ஃபிரைடே, ஆளின் அளவுக்கேற்பச் சட்டகம் செய்து நெடும்பயண மடக்குச் சைக்கிளைத் தந்தது. 1968இல் வெளிவந்த ராலே ட்வென்டியை வீட்டுப் பட்டறையிலேயே வேகவண்டியாக மாற்றலாம் என்று அமெரிக்க மெக்கானிக்கும் எழுத்தாளருமான ஷெல்டன் பிரவுன் செய்து காட்டி எழுதினார். மாற்றுவோர் பலருக்கு அதுவே முன்மாதிரி.

காற்றைக் குறைத்தால் வேகம் குறையுமா?

மோல்டன் மரபில் ஊறியவர்கள் டயரைக் கல்லாக அடித்து ஓட்டினார்கள். இதற்கு எதிரான நிலைப்பாடு இந்த நூற்றாண்டில் வலுப்பெற்றது. சைக்கிள் காலாண்டிதழ் ஒன்றை நடத்திய ஜான் ஹைன், மிருதுவான பக்கச்சுவர் கொண்ட அகல டயர் குறைந்த அழுத்தத்தில் ஓடினாலும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை என்று தம் சோதனைகளின் அடிப்படையில் வாதிட்டார். சொரசொரப்பான தரையில் கல் போன்ற டயர் வண்டியையும் ஓட்டுபவரையும் உலுக்குகிறது. அந்த உலுக்கலில் உடல் தசைகள் ஆற்றலை விழுங்குகின்றன. வழுவழுப்பான உருளையின் மேல் ஆய்வகத்தில் அளக்கும்போது இந்த இழப்பு தெரிவதில்லை என்பது அவர் வாதத்தின் மையம். இன்று சாலைப் பந்தய வீரர்களும் முன்பைவிட அகலமான டயருக்கு மாறியிருப்பது இந்தப் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. 2024இல் பிராம்ப்டன் நிறுவனமே 20 அங்குலச் சக்கரமும் 54 மி.மீ. அகல டயரும் கொண்ட ஜி லைனை வெளியிட்டது.

இந்த வாதத்திலும் ஓட்டை உண்டு. அகல டயர்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. கடையில் கிடைக்கும் கனத்த ரப்பர் டயரில் காற்றைக் குறைத்தால், சொகுசு வரும், வேகம் போகும். பஞ்சர் தடுப்புப் பட்டை போட்ட டயர் முள்ளிலிருந்து காக்கும். ஆனால் மிருதுத்தன்மையை இழக்கும். சீமைக் கருவேலம் மண்டிய ஓரத்தில் ஓட்டுபவர் எதை விட்டுக்கொடுப்பது என்பதற்கு வெளிநாட்டுச் சோதனைகளில் நேரான விடை இல்லை.

உட்காரும் நிலையும் காற்றுத் தடையும்

அடுத்த தரப்பு, வண்டியை விட்டுவிட்டு உடலைப் பார்க்கச் சொல்கிறது. தோராயக் கணக்கு ஒன்று இதை விளக்கும். ஆளும் வண்டியும் சேர்த்து 85 கிலோ, சமதளம், எதிர்காற்று இல்லை என்று கொள்வோம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தவர் காற்றைத் தள்ள ஏறத்தாழ 115 வாட் செலவிடுகிறார். சுமாரான டயர் சுமார் 58 வாட் எடுத்துக்கொள்கிறது. சற்றே குனிந்தால் காற்றில் 19 வாட் மிச்சம். நல்ல டயர் போட்டால் 17 வாட் மிச்சம். வண்டியில் ஒரு கிலோ எடை குறைத்தால் மிச்சம் ஒரு வாட்டைக்கூட எட்டாது.

வேகம் மணிக்கு 15 கி.மீ.ஆக இறங்கினால் வரிசை மாறுகிறது. காற்றுக்கு 25 வாட்தான். டயருக்கு 35 வாட். ஊர்ச் சாலையில் வேலைக்குப் போகிறவரின் வேகம் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கும். ஆகவே அவருக்குக் குனிந்த ஹேண்டிலைவிட டயரே முதல் தேவை எனலாம். நீண்ட நேர்சாலையில் 25 கி.மீ.க்கு மேல் விரும்புபவருக்கு உட்காரும் நிலை முதலிடம் பெறும். எடைக்குறைப்புக்காகப் பெரும்பணம் செலவிடுவது இந்தச் சமவெளியில் ரயில் படியேறும்போது மட்டுமே பலன் தரும்.

குனிவதற்கு முன் அளவு சரியாக வேண்டும். மடக்குச் சைக்கிள் பெரும்பாலும் ஒரே அளவில் வருகிறது. உயரமானவரும் குட்டையானவரும் சீட் போஸ்டை ஏற்றி இறக்கிச் சமாளிக்கிறார்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலின் அடிநிலையில் வைக்கும்போது கால் நேராக வேண்டும் என்பது பழைய மெக்கானிக் கணக்கு. சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும். முழு எடையும் சீட்டில் விழும். நோகும் இடம் எது என்று தெரியாமல் மெத்தை சீட் வாங்குபவர்கள் பலருக்குத் தேவைப்படுவது உயரத் திருத்தமாகவே இருக்கலாம்.

கியர்: பெரும்பாலும் தீர்ந்த குறை

சிறு சக்கரம் ஒரு சுற்றில் குறைந்த தூரமே போகிறது. முன்பல் 48, பின்பல் 14 என்று வரும் 20 அங்குல வண்டியின் மிக உயர்ந்த கியர், பெடல் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.3 மீட்டர் போகும். 44க்கு 18 பல் கொண்ட பழைய 28 அங்குலச் சைக்கிள் தன் ஒரே கியரில் 5.4 மீட்டர் போகிறது. புது வண்டியின் மிக உயர்ந்த கியரும் பழைய வண்டியின் ஒரே கியரும் ஏறத்தாழ ஒன்று என்பதால்தான், வேகமாகப் போக நினைப்பவருக்குக் கால் காற்றில் சுழல்வதுபோல் தோன்றுகிறது.

முன்பல்லை 56 ஆக்கினால் ஒரு சுற்றுக்கு 6.2 மீட்டர், நிமிடத்துக்கு 80 சுற்றில் மணிக்குச் சுமார் 30 கி.மீ. வரும். பின்பக்கம் 11 பல் கொண்ட கேசட் போட்டால் பலன் இன்னும் சற்றுக் கூடும். ஆனால் திருகு ஃபிரீவீல் உள்ள வண்டியில் பெரும்பாலும் ஹப்பையே மாற்ற நேரும். இன்னொரு மரபு ஹப்புக்குள் கியரை வைப்பது. ஸ்டர்மி ஆர்ச்சரின் மூன்று வேக ஹப், நடுக் கியரிலிருந்து மேலே 33 சதவீதமும் கீழே 25 சதவீதமும் நகர்கிறது. சிறு சக்கரத்தில் செயினை நகர்த்தும் வெளி டெரெய்லர் தரைக்கு மிக அருகில் தொங்குவதால், மழைக்காலச் சேறும் கல்லும் அதைத் தாக்கும்; ஹப் கியருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதைப் பிரித்துப் பழுது பார்க்கத் தெரிந்தவரைத் தேட வேண்டியிருக்கும்.

மூட்டு இடும் எல்லை

இதுவரை கண்ட தரப்புகள் எல்லாம் எதைச் சேர்க்கலாம் என்று பேசின. எதைச் சேர்க்கக் கூடாது என்று பேசும் தரப்புக்கு ஆதாரம் மடக்கு மூட்டு. ஹேண்டில் தண்டின் அடி மூட்டிலிருந்து பிடி 35 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். நிமிர்ந்து உட்கார இன்னும் 5 செ.மீ. உயர்த்தினால், அதே இழுப்புக்கு மூட்டில் விழும் வளைவிசை 14 சதவீதம் கூடும். பந்தய வண்டியின் வளைந்த ஹேண்டிலைப் பொருத்தி எழுந்து நின்று மிதித்தால், தண்டை முறுக்கும் விசை இன்னும் கூடும். அலுமினியம் திரும்பத் திரும்ப வரும் சிறு விசைகளாலும் மெல்ல மெல்லச் சோர்வடையும் உலோகம். விரிசல் வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கலாம். சைக்கிளின் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 தரத்தில் தேறிய வண்டியும், தேறியது தொழிற்சாலையிலிருந்து வந்த அமைப்பில்தான். மாற்றிய அமைப்புக்கு அந்தச் சான்று பொருந்தாது.

திருப்பத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சிறு சக்கர வண்டியின் ஹேண்டில் இயல்பாகவே துடிப்பானது. அகலம் குறைந்த ஹேண்டில் போட்டால் அந்தத் துடிப்பு கூடும். வேகத்தில் பள்ளம் வந்தால் பிடி தவறும். இவற்றுக்கும் மேலாக, வளைந்த ஹேண்டிலும் அகல டயரும் கேரியரும் சேரச் சேர மடித்த உருவம் பெருக்கிறது. புறநகர் ரயில் கூட்டத்தில் காலுக்கருகே வைக்க முடியாத வண்டி, எவ்வளவு வேகமாகப் போனாலும் தன் வேலையை இழக்கிறது.

சக்கரத்தைச் சுருக்காமல் மடக்குவது

சக்கரத்தைச் சுருக்கியதே தவறு என்பார் கட்சியும் பழமையானது. இரண்டாம் உலகப்போரில் வான்வழிப் படைகளுக்காக பி.எஸ்.ஏ. செய்த மடக்குச் சைக்கிளின் சக்கரம் பெரியதுதான். அதே பி.எஸ்.ஏ. பெயரைப் பின்னாளில் இந்தியச் சாலைகளுக்குக் கொண்டுவந்தது, 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். அமெரிக்காவின் மான்டேக் நிறுவனமும், ஐ.ஐ.டி. பம்பாயைச் சேர்ந்தவர்கள் உருவாக்கி 2023இல் பலர் கவனத்தை ஈர்த்த ஹார்ன்பேக் மின்சைக்கிளும் இந்த வழியில் வந்தவை. பள்ளத்துக்கும் வேகத்துக்கும் இவற்றில் தனி மாற்றம் தேவைப்படாது. ஆனால் மடித்த பின்னும் பெரிய சக்கரம் பெரிய சக்கரமே. கார் டிக்கிக்கு அது பொருந்தும். காலை நேரத்து அரக்கோணம் லோக்கலுக்குப் பொருந்துமா என்பது ஐயம்.

உதிரிபாகமும் பஞ்சர் கடையும்

மேலைநாட்டு விவாதங்களில் அதிகம் இடம்பெறாத ஒன்று, இங்கே முடிவையே தீர்மானிக்கக்கூடும். 20 அங்குலம் என்ற பெயரில் 406 மி.மீ., 451 மி.மீ. என்று வெவ்வேறு அளவு ரிம்கள் உள்ளன. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. வேகத்துக்காக 451க்கு மாறச் சொல்லும் மரபு ஒன்று உண்டு. சிறுவர் சைக்கிளில் பரவலாக வரும் 20 × 1.75 டயர் 406 ரிம்முக்கானது. அதன் டியூப் சிற்றூர்ப் பஞ்சர் கடையிலும் கிடைக்க வாய்ப்புண்டு. பிராம்ப்டன் வகையின் 349 ரிம்முக்கு டயர் வேண்டுமென்றால் பெரும்பாலும் நகரத்துக்கோ இணைய வணிகத்துக்கோ போக வேண்டியிருக்கும். மெலிந்த உயர்ரக டியூபின் வால்வுக்கு ஊர்க் கடைப் பம்பு பொருந்தாமலும் போகலாம். இரவு ஷிப்டு முடிந்து முள் குத்திய டயரோடு நிற்பவருக்கு, இரண்டு வாட் மிச்சத்தைவிட அடுத்த ஊரில் கிடைக்கும் டியூப் பெரிது. கோட்டம் எடுக்கவும் செயின் மாற்றவும் உள்ளூர் மெக்கானிக்கால் முடிகிற அமைப்பே நீடித்து ஓடும்.

மதிப்பீடு

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் சில விடைகள் ஓரளவு உறுதியானவை. சிறு சக்கரம் தன்னளவில் வேகத்தின் எதிரி அன்று. மோசமான சாலையில் சொகுசும் வேகமும் ஒன்றுக்கொன்று பகையாவதைவிடத் துணையாவதே அதிகம். உலுக்கலைக் குறைக்கும் நல்ல டயர் இரண்டையும் ஒருசேரத் தருகிறது. ஹேண்டில் உயரத்தில்தான் இரண்டும் வழி பிரிகின்றன. எனவே சீட் உயரம், டயரும் அதன் காற்றும், முன்பல், பிறகு ஹேண்டில் என்ற வரிசையில் போவது செலவுக்கும் பாதுகாப்புக்கும் பொருத்தமாகத் தோன்றுகிறது. தண்டையும் மூட்டையும் தொடாமல் கிடைக்கும் பலன்களை முதலில் எடுத்துக்கொள்வதே நல்லது.

திறந்து நிற்கும் கேள்விகளும் உண்டு. டயர் வாதங்களின் சான்றுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுச் சாலைகளிலிருந்து வந்தவை. பெயர்ந்த தாரிலும் கோடை வெயிலிலும் அதே அழுத்தம், அதே அகலம் பொருந்துமா என்பது இங்கே அளந்து பார்க்க வேண்டியது. மாற்றிய மடக்கு மூட்டு தினசரி உழைப்பில் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதும் அப்படியே. சைக்கிள் தொழிலின் நீண்ட அனுபவமும் பொறியியல் கல்லூரிகளும் அருகருகே உள்ள இந்த வட்டாரத்தில் அத்தகைய சோதனை எட்டாத காரியமன்று. ரயில் பெட்டியில் வைக்க இடமும், நிலையத்திலிருந்து ஆலை வரை பழுதில்லாத சாலை ஓரமும் கிடைத்தால், இங்கே பட்டியலிட்ட மாற்றங்களில் பாதி தேவைப்படாமலே போகலாம். தொழிலாளி தன் காசில் டயரையும் சீட்டையும் மாற்றிச் சாலையின் குறையை ஈடுகட்டுவது, அந்தச் சாலையைச் சீராக்கும் பொறுப்பை யாரிடமிருந்தும் நீக்கிவிடாது.